இரண்டு கண்களின் இடம்: வெப்எக்ஸ்ஆரில் இரட்டையாகத் தெரிந்த ஓர் அறையின் நிகழ்வு ஆய்வு

வெப்எக்ஸ்ஆர் என்பது விஆர் (மெய்நிகர்) காட்சிகளை உலாவி வழியாக ஹெட்செட்டில் காட்ட உதவும் ஏபிஐ, அதாவது நிரல் இடைமுகம். அதில் கண் எங்கே இருக்கிறது என்று நிரல் கணக்குப் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரேமிலும், அதாவது வரையப்படும் ஒவ்வொரு படத்திலும், உலாவியே சொல்லிவிடுகிறது. இடது கண்ணுக்கு ஓர் இடம், ஒரு திசை, ஒரு ப்ரொஜெக்‌ஷன் மேட்ரிக்ஸ். அந்த மேட்ரிக்ஸ், முப்பரிமாணக் காட்சியைத் திரையில் எப்படிப் பதிப்பது என்று சொல்லும் எண் அட்டவணை. வலது கண்ணுக்கும் அதேபோல் ஒரு தொகுப்பு. அந்த எண்களைக் கை வைக்காமல் ஷேடர் (படத்தை வரையும் சிறு நிரல்) வரை கொண்டு சேர்ப்பது மட்டும்தான் நிரலின் வேலை. இங்கே பார்க்கப்போகும் செயலியின் கோளாறுகள் அத்தனையும், வழியில் அந்த எண்கள் மாற்றப்பட்டதால் வந்தவை. மாற்றியவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு நியாயமான காரணத்தோடுதான் மாற்றியிருக்கிறார்கள். பிழைகள் வெளியே தெரியாமல் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டதற்கும் அதுவே காரணம்.

செயலியும் புகார்களும்

மேசை, கண்ணாடி, விளக்கு, சன்னல் கொண்ட ஓர் அறையை உள்ளே நின்று பார்க்கும் செயலி இது. முதலில் சாதாரணத் திரைக்காக ஒற்றைக் கேமராவோடு எழுதப்பட்டது. பெரிய லைப்ரரி எதுவும் கிடையாது. நேரடி வெப்ஜிஎல் (உலாவியின் வரைகலை ஏபிஐ), சொந்த மேட்ரிக்ஸ் கோப்பு. விஆர் பகுதி பிறகு ஒட்டப்பட்டது. ஒட்டிய முறை, வெப்எக்ஸ்ஆருக்கு முந்தைய வெப்விஆர் காலத்து முறை. அந்தப் பழைய ஏபிஐயில் கண்ணுக்கான விலகலைத் தனியாகக் கேட்டு வாங்கித் தலையின் இடத்தோடு கூட்டிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. குரோம் 79, 2019 டிசம்பரில் வெப்எக்ஸ்ஆரோடு வந்தது. அடுத்த பதிப்பிலேயே வெப்விஆர் நீக்கப்பட்டது. ஏபிஐ போனாலும் அந்தக் காலத்து மாதிரி நிரல்கள் இன்னும் பிரதியெடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

புகார்கள் இவை. உருவாக்கியவர்கள் பயன்படுத்திய ஹெட்செட்டில் நேராகப் பார்த்தால் எல்லாம் சரி; வேறொரு ஹெட்செட்டில் அறை முழுவதும் இரட்டையாக, முகத்தில் ஒட்டிக்கொண்டதுபோல் தெரிகிறது. எந்த ஹெட்செட்டானாலும் பக்கவாட்டில் திரும்பினால் கண் வலிக்கிறது. முழுக்கத் திரும்பினால் குழி மேடாகவும் மேடு குழியாகவும் தெரிகிறது. நின்றுகொண்டு பார்த்தால் கண் கூரைக்கு மேலே போய்விடுகிறது. மெனு இரண்டாகத் தெரிகிறது. கண்ணாடிக்குள் ஆழமே இல்லை, சுவரில் ஒட்டிய படம்போல் இருக்கிறது. இதெல்லாம் இருந்தும், கணினியில் ஹெட்செட்டைப் போலச் செய்துகாட்டும் எமுலேட்டரில் ஒரு குறையும் தெரியவில்லை.

முதலில் பதிவு, பிறகு திருத்தம்

இப்படிப் பல அறிகுறிகள் சேர்ந்து வரும்போது நிரலைத் தொடுவதற்கு முன் உலாவி தரும் எண்களை எழுதி வைத்துவிட வேண்டும். பிரேம் கால்பேக்குக்குள் (ஒவ்வொரு பிரேமுக்கும் உலாவி அழைக்கும் ஃபங்ஷனுக்குள்) கெட்வியூவர்போஸ் அழைத்தால் தலையின் நிலையும் (போஸ்) வியூக்களின் பட்டியலும் வரும். வியூ என்பது பொதுவாக ஒரு கண்ணின் காட்சி. ஒவ்வொரு வியூவிலிருந்தும் எடுக்க வேண்டியவை: எந்தக் கண் என்ற குறி, இடம், திசைக்கான குவாட்டர்னியன் (சுழற்சியைச் சொல்லும் நான்கு எண்கள்), ப்ரொஜெக்‌ஷன் மேட்ரிக்ஸின் 16 எண்கள். கெட்வியூவர்போஸைக் கால்பேக்குக்கு வெளியே அழைத்தால் பிழை எறியும். முந்தைய பிரேமின் வியூவை வைத்துக்கொண்டு வியூபோர்ட் (அந்தக் காட்சியை வரைய வேண்டிய பகுதி) கேட்டாலும் அப்படித்தான். அதனால் எண்களை அந்தந்த பிரேமிலேயே படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

பதிவில் மூன்றைப் பார்த்தால் போதும்.

முதலாவது, வலது கண்ணின் இடத்திலிருந்து இடது கண்ணின் இடத்தைக் கழித்து வரும் நீளம். அதுதான் ஹெட்செட் அந்த நேரத்தில் சொல்லும் கருவிழி இடைவெளி. பெரியவர்களின் சராசரி சுமார் 63 மி.மீ.; பெரும்பாலோர் 50 முதல் 75 மி.மீ.க்குள் அடங்குவார்கள். குவெஸ்ட் 2இல் லென்சுகளை 58, 63, 68 மி.மீ. என மூன்று நிலைகளில் வைக்கலாம். செஷன் நடந்துகொண்டிருக்கும்போதே பயனர் லென்சை நகர்த்தக்கூடும், ஆகையால் இந்த எண்ணைத் தொடக்கத்தில் ஒருமுறை வாங்கிச் சேமித்துவைப்பதும் தவறு. இது ஒருவரின் உடல் அளவு என்பதையும் மறக்கக்கூடாது. பிழைப் பதிவோடு சேர்த்து இதைச் சர்வருக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இரண்டாவது, இரு கண்களின் குவாட்டர்னியன்கள் ஒன்றா, வேறா என்பது. பல ஹெட்செட்டுகளில் இரண்டு திரைகளும் ஒரே திசையை நோக்கும். வால்வ் இண்டெக்ஸில் ஒவ்வொரு பக்கமும் 5 டிகிரி வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கும். 'இடது கண் என்றால் தலை கழித்தல் 32 மி.மீ.' என்று எழுதிய கோட் அந்தச் சாய்வை அறியவே அறியாது.

மூன்றாவது, ப்ரொஜெக்‌ஷன் மேட்ரிக்ஸின் 8ஆவது எண். எண்ணிக்கை 0இல் தொடங்குகிறது, மேட்ரிக்ஸ் நெடுவரிசையாக அடுக்கப்பட்டது. இது பூச்சியமாக இல்லாவிட்டால் பார்வைப் புலம் இடவலமாகச் சமமில்லை என்று பொருள். இந்தச் செயலியின் முதல் கோளாறு இங்கேதான் இருந்தது. எமுலேட்டரில் அது ஏன் தெரியவில்லை என்பதற்கும் விடை இங்கேதான்.

ப்ரொஜெக்‌ஷன்: நடுப்புள்ளி நடுவில் இல்லை

செயலி உலாவி தந்த மேட்ரிக்ஸை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 5ஆவது எண்ணிலிருந்து செங்குத்துக் கோணத்தை மட்டும் பிரித்தெடுத்து, வியூபோர்ட்டின் நீள அகல விகிதத்தோடு சேர்த்து, தன் பழைய பெர்ஸ்பெக்டிவ் ஃபங்ஷனில் போட்டுப் புது மேட்ரிக்ஸ் ஒன்றைச் செய்தது. அந்த ஃபங்ஷனுக்குச் சமச்சீரான புலம் மட்டும்தான் தெரியும். 8ஆவது, 9ஆவது எண்கள் அங்கேயே தொலைந்தன.

ஹெட்செட்டில் ஒவ்வொரு கண்ணும் வெளிப்பக்கம் அகலமாகவும் மூக்குப் பக்கம் குறுகலாகவும் பார்க்கும். கணக்கு புரிவதற்காக எண்களை முழுமையாக்கிக்கொள்வோம். இடது கண்ணின் வெளிப்பக்கப் பார்வைக் கோணத்தின் டேன்ஜென்ட் 1.3, மூக்குப் பக்கம் 1.0 என்று வைத்தால், 8ஆவது எண் = (1.0 − 1.3) ÷ (1.0 + 1.3) = −0.13. வலது கண்ணுக்கு +0.13. இந்த எண்ணை விட்டுவிட்டால், நேர் எதிரே இருக்க வேண்டிய பொருள் திரையின் நட்ட நடுவில் வரையப்படும். ஆனால் இடது திரையின் நடுப்புள்ளி லென்சு வழியாக நேர் எதிரே இல்லை, 0.15 டேன்ஜென்ட், அதாவது 8.5 டிகிரி இடப்பக்கம் விலகி நிற்கிறது. வலது திரையில் அதே அளவு வலப்பக்கம். தொலைவில் உள்ள ஒரு பொருளை ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் இரு கண்களும் 17 டிகிரி வெளிப்புறமாகப் பிரிய வேண்டும். மனிதக் கண் உள்நோக்கிக் குவியும். இப்படி வெளிநோக்கி விரியாது.

இது முதல் நாளே தெரிந்திருக்கும். உருவாக்கியவர்கள் கண்ணிலும் பட்டது. அவர்கள் செய்த வைத்தியம்: இரண்டு படங்களையும் உள்நோக்கி நகர்த்திப் பார்த்து, இரட்டை மறையும் இடத்தில் நிறுத்தி, அந்த 0.13ஐ மாறிலியாக நிரலில் எழுதிவிட்டார்கள். அதாவது தூக்கியெறிந்த 8ஆவது எண்ணையே கையால் தேடிக் கண்டுபிடித்து மறுபடி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு ஹெட்செட்டுக்கு விடை சரிதான்.

வேறொரு ஹெட்செட்டில் வெளிப்பக்கம் 1.05, மூக்குப் பக்கம் 0.95 என்றால் தேவையான எண் 0.05 மட்டுமே. கோட் 0.13 நகர்த்துகிறது. மிகுதி 0.08. அரை அகலம் இங்கே 1.0 டேன்ஜென்ட் என்பதால் ஒவ்வொரு படமும் 0.08 டேன்ஜென்ட், ஏறக்குறைய 4.6 டிகிரி, மூக்கை நோக்கித் தள்ளப்படுகிறது. கருவிழி இடைவெளியில் பாதியான 31.5 மி.மீ.ஐ 0.08ஆல் வகுத்தால் சுமார் 39 செ.மீ. வரும். முடிவிலாத் தொலைவில் இருக்க வேண்டிய அடிவானம் 39 செ.மீ.யில் வந்து நிற்கிறது. அரை மீட்டரில் வைத்த பூச்சாடி 22 செ.மீ.க்கு வந்துவிடுகிறது. 'முகத்தில் ஒட்டிக்கொண்டதுபோல்' என்று புகார் சொன்னவர் மிகைப்படுத்தவே இல்லை.

9ஆவது எண்ணின் இழப்பு இன்னும் நுட்பமானது. மேலும் கீழும் புலம் சமமில்லாத ஹெட்செட்டுகளில் அது பூச்சியமாக இருக்காது. இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவில் தொலைவதால் இரட்டை வராது. ஆனால் அடிவானம் சற்று ஏறியோ இறங்கியோ நிற்கும்; தலையை மேலும் கீழும் அசைத்தால் அறை மிதப்பதுபோல் இருக்கும். குமட்டல் என்று புகார் வந்து, பிரேம் வேகத்தில் குறையே இல்லாவிட்டால், பார்க்க வேண்டிய முதல் இடம் இது.

எமுலேட்டர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? பயன்படுத்திய எமுலேட்டர் சமச்சீரான புலத்தையே தந்தது. அங்கே 8ஆவதும் 9ஆவதும் பூச்சியம். இருப்பதைத் தொலைத்தால்தானே தெரியும்? மாறிலி நகர்த்தல் அங்கேயும் நடந்தது. ஆனால் தட்டையான திரையில் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது.

திருத்தம்: பெர்ஸ்பெக்டிவ் ஃபங்ஷனை விஆர் பாதையிலிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டு, வியூவின் ப்ரொஜெக்‌ஷன் மேட்ரிக்ஸை நேரே யூனிஃபார்மில் (ஷேடருக்கு மதிப்பு அனுப்பும் மாறியில்) ஏற்றுவது. மாறிலியும் போக வேண்டும். அருகு, தொலைவு வெட்டுத்தளங்களை மாற்ற வேண்டுமானால் செஷனின் அப்டேட்ரெண்டர்ஸ்டேட் வழியாக டெப்த்நியர், டெப்த்ஃபார் கொடுத்தால் போதும், இயல்புநிலை 0.1, 1000. உலாவி அதற்கேற்ற மேட்ரிக்ஸைத் தானே தரும்.

விலகல்: தலை திரும்பியும் கண் திரும்பவில்லை

மாறிலி நீங்கியதும் நேர்ப்பார்வை எல்லா ஹெட்செட்டிலும் ஒன்றானது. பக்கவாட்டு வலி அப்படியே இருந்தது. காரணம் ஒரே வரியில் இருந்தது: தலையின் இடத்தை எடு, இடது கண்ணுக்கு எக்ஸ் மதிப்பில் அரை இடைவெளியைக் கழி, வலது கண்ணுக்குக் கூட்டு. திசையைத் தலையிடமிருந்து வாங்கிக்கொள். இதில் எக்ஸ் என்பது அறையின் எக்ஸ். தலையின் எக்ஸ் அல்ல.

தலை நேராக இருக்கும்வரை இரண்டு அச்சும் ஒன்றாகவே இருப்பதால் பிழை தெரியாது. தலை 60 டிகிரி திரும்பினால், 63 மி.மீ. இடைவெளியில் பக்கவாட்டாக மிஞ்சுவது 31.5 மி.மீ.; மீதி முன்பின்னாகப் போய் ஒரு கண் மற்றதைவிட 54.6 மி.மீ. முன்னால் நிற்கிறது. 90 டிகிரியில் பக்கவாட்டு இடைவெளி பூச்சியம். ஒரு கண்ணுக்கு நேர் பின்னால் மற்றொரு கண். அரை மீட்டரில் உள்ள ஒரு கோப்பை ஒரு கண்ணுக்கு 46.85 செ.மீ. தூரத்தில், மற்றதற்கு 53.15 செ.மீ. தூரத்தில், ஒரு படம் மற்றதைவிட 13 சதவீதம் பெரிது. மூளை இதை ஒன்றாக்கப் போராடும், முடியாது. 180 டிகிரியில் இடைவெளி முழுசாகத் திரும்பிவருகிறது, ஆனால் இடம் மாறி: இடது கண்ணின் காட்சி வலதிலும், வலதின் காட்சி இடதிலும். குழி மேடானது அதனால்தான்.

தலையைத் தோள் பக்கம் சாய்த்தால் இன்னும் மோசம். சாய்வு 30 டிகிரி என்றால், தலையின் கணக்கில் ஒரு கண் மற்றதைவிட 31.5 மி.மீ. மேலே வரையப்படுகிறது. அரை மீட்டர் தூரப் பொருளில் அது 3.6 டிகிரி செங்குத்து வேறுபாடு. கிடை வேறுபாட்டைக் கண்கள் குவிந்து சமாளிக்கும். செங்குத்தாக அவை தாங்குவது மிகச் சிறு அளவுதான்.

விலகலைத் தலையின் குவாட்டர்னியனால் சுழற்றிவிட்டுக் கூட்டினால் இது சரியாகிவிடுமே என்று தோன்றும். இணையான திரைகள் கொண்ட ஹெட்செட்டில் ஆகும். சாய்ந்த திரைகளில் ஆகாது. இடைவெளியை யார் தருவது என்ற கேள்வியும் பாக்கி நிற்கும். செயலியில் அது 64 மி.மீ. என்று பதிந்திருந்தது. த்ரீ.ஜேஎஸ் என்ற முப்பரிமாண லைப்ரரியின் ஸ்டீரியோகேமராவிலும் இயல்பான இடைவெளி 0.064தான். ஆனால் அது தட்டையான திரையில் இடது, வலது சோடிப் படம் காட்டுவதற்கான கருவி, ஹெட்செட்டுக்கானது அல்ல. லென்சை 58இல் வைத்திருப்பவருக்கு 64இல் வரைந்து காட்டினால், 1 மீட்டரில் உள்ள பொருள் 58 ÷ 64, அதாவது 91 செ.மீ.யில் இருப்பதாகத் தெரியும். கோண அளவு மாறாததால் பொருளும் சற்றுச் சிறுத்துத் தெரியும். 68இல் வைத்திருப்பவருக்கு அதே பொருள் 106 செ.மீ.க்குத் தள்ளிப்போய்ப் பெருத்துத் தெரியும்.

ஆகவே திருத்தம் என்பது கழித்தல்தான்: விலகல் வரியை நீக்கி, வியூவின் டிரான்ஸ்ஃபார்மை (கண்ணின் இடமும் திசையும்) எடுத்து, அதன் இன்வர்ஸின் (தலைகீழ் மாற்றத்தின்) மேட்ரிக்ஸை வியூ மேட்ரிக்ஸாகப் பயன்படுத்துவது. டிரான்ஸ்ஃபார்மின் மேட்ரிக்ஸையே தலைகீழாக்காமல் ஏற்றிவிடுவது இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது தலை இடப்பக்கம் திரும்பும்போது அறையும் கூடவே இடப்பக்கம் ஓடும், உடனே கண்டுபிடித்துவிடலாம்.

இரு கண்களையும் ஒரு புள்ளியில் குவியுமாறு உள்நோக்கித் திருப்பி வைத்தால் அருகில் பார்க்க வசதி என்ற யோசனை ஒன்றும் செயலியின் குறிப்புகளில் இருந்தது. கூடாது. கேமராவைத் திருப்பினால் படத்தின் மூலைகள் ஒரு கண்ணில் உயர்ந்தும் மற்றதில் தாழ்ந்தும் வரும்; மேலே சொன்ன செங்குத்து வேறுபாடு அங்கேயும் முளைக்கும். குவிவது பார்ப்பவரின் சொந்தக் கண்ணின் வேலை.

சென்டிமீட்டர் உலகம்

அறையின் மாடல் சென்டிமீட்டரில் செய்யப்பட்டிருந்தது; வெப்எக்ஸ்ஆர் பேசுவது மீட்டரில். செயலி தலையின் இடத்தை 100ஆல் பெருக்கிச் சமாளித்தது, கண் விலகலை 3.2 என்று வைத்தது. விலகல் வரியை நீக்கி வியூ மேட்ரிக்ஸை நேரடியாகப் பயன்படுத்தியதும் கண் இடைவெளி 0.063 அலகு ஆனது. சென்டிமீட்டர் உலகில் அது சுமார் 0.6 மில்லிமீட்டர்தான். அறை மலைபோல் உயர்ந்து, ஆழம் இல்லாமல் தட்டையானது. திருத்தத்துக்குப் பிறகு நிலைமை மோசமானதாகத் தோன்றும் கட்டம் இது. பலர் இங்கேதான் பழைய வரிக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

சரியான வழி, மாடலை ஏற்றும்போதே 0.01ஆல் ஒருமுறை சுருக்கிவிடுவது. கண்ணை விரிப்பதைவிட இது ஏன் மேல் என்றால், ப்ரொஜெக்‌ஷன் மேட்ரிக்ஸும் மீட்டர் கணக்கில்தான் வருகிறது. சென்டிமீட்டர் உலகில் டெப்த்ஃபார் 1000 என்பது 10 மீட்டர். சன்னலுக்கு வெளியே அதற்கப்பால் உள்ளதெல்லாம் வெட்டுப்படும். கன்ட்ரோலரின் இடம், கைகளின் இடம், தரையின் எல்லை எல்லாமே மீட்டரில் வரும். ஒன்றை மட்டும் பெருக்கினால் மற்றதையெல்லாம் துரத்திக்கொண்டே போக வேண்டியதுதான்.

பயனரை வேண்டுமென்றே பூதமாகவோ எறும்பாகவோ ஆக்கும் காட்சிகள் வேறு கதை. அங்கேயும் உலகத்தைச் சுருக்கினாலோ பெருக்கினாலோ போதும். த்ரீ.ஜேஎஸ்ஸில் கேமராவின் தாய்க் குழுவை 10 மடங்கு பெரிதாக்கினால் கண் இடைவெளியும் 10 மடங்காகி, உலகம் பொம்மை அளவில் தெரியும். யாரோ வேறு எதற்காகவோ அந்தக் குழுவின் அளவை மாற்றிவைத்திருந்தால் அதே விளைவு கேட்காமலே வரும். 'ஏதோ சின்னதாகத் தெரிகிறது' என்ற மொட்டையான புகாருக்கு அந்தக் குழுவைத் திறந்து பார்ப்பது நல்லது.

உயரமும் நகர்வும்

கூரை மேல் கண் போனதற்கு இரட்டைக் கூட்டல் காரணம். 'லோக்கல்' என்ற குறிப்பிடத்தில் (இடங்களை அளக்கும் ஆயத்தில்) தொடக்கப்புள்ளி, செஷன் தொடங்கும்போது தலை இருந்த இடத்தருகே இருக்கும். கண் உயரம் பூச்சியத்தை ஒட்டி வரும். 'லோக்கல்-ஃப்ளோர்' என்றால் பூச்சியம் தரையில். கண் உயரம் அதிலேயே அடங்கியிருக்கும். செயலி முதலில் லோக்கலில் எழுதப்பட்டு 1.6 மீட்டர் கூட்டப்பட்டது, பிறகு லோக்கல்-ஃப்ளோருக்கு மாறியது, 1.6 மட்டும் நீங்கவில்லை. நின்றவரின் கண் 3.2 மீட்டரை எட்டியது.

லோக்கல்-ஃப்ளோரைச் செஷன் கேட்கும்போதே விருப்ப அம்சமாகக் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் லோக்கலுக்கு இறங்கி, கெட்ஆஃப்செட்ரெஃபரன்ஸ்ஸ்பேஸ் மூலம் தொடக்கப்புள்ளியை 1.6 மீட்டர் கீழே, அதாவது ஒய் = −1.6க்கு நகர்த்தலாம். இப்படிச் செய்தால் கூட்டல் ஒரே இடத்தில் நிற்கும். கண்ணுக்கும் கன்ட்ரோலருக்கும் சேர்த்தே பொருந்தும்.

குறிகளில் தடுமாற்றம் வரும் இடமும் இதுதான். நகர்வது தொடக்கப்புள்ளி, பயனர் அல்ல. பார்வை −இசட் திசையில் போகிறது. பயனரை 2 மீட்டர் முன்னால் கொண்டுபோக வேண்டுமென்றால் தொடக்கப்புள்ளியை +2 இசட்டுக்கு, பின்னால் நகர்த்த வேண்டும். கன்ட்ரோலரின் குச்சியைத் தட்டி 30 டிகிரி திரும்பும் வசதியில், சுழற்சியைத் தொடக்கப்புள்ளியைச் சுற்றிச் செய்தால், அறையின் நடுவை விட்டு ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் அரை மீட்டர் பக்கவாட்டில் இழுக்கப்படுவார். தலையின் தரைநிழலை மையமாக வைத்துச் சுழற்ற வேண்டும்.

நகர்வுக்குச் சொந்த மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்கள் பெருக்கும் வரிசையைக் கவனிக்க வேண்டும். கண்ணின் உலக இடம் = நகர்வு × வியூவின் டிரான்ஸ்ஃபார்ம். ஆகவே வியூ மேட்ரிக்ஸ் = வியூவின் இன்வர்ஸ் × நகர்வின் இன்வர்ஸ். மாற்றிப் பெருக்கினால், தலையைத் திருப்பும்போதெல்லாம் அறை பயனரைச் சுற்றி ஊஞ்சலாடும். பயனர் தொடக்கப்புள்ளியிலேயே நிற்கும்வரை இது தெரியாது.

ஒரே கண்ணை நம்பிய இடங்கள்

கண்களின் இடம் சரியான பிறகும் மெனு இரட்டையாகவே இருந்தது. அது திரை ஆயத்தில் வரையப்பட்டிருந்தது. இரண்டு கண்ணுக்கும் படத்தின் நடுப்புள்ளியே இடம். ப்ரொஜெக்‌ஷன் பகுதியில் பார்த்த அதே 17 டிகிரி விரிவு இங்கே மெனுவுக்கு மட்டும் நடக்கிறது. மெனுவைப் பயனருக்கு முன்னால் 1.5 மீட்டரில் ஒரு பலகையாக உலகத்துக்குள் வைத்ததும் போயிற்று. குறுக்குக்கோடு, ஏற்றம் காட்டும் வட்டம், எழுத்து அறிவிப்பு எதற்கும் இதுவே விதி: மீட்டரில் ஒரு தூரம் இல்லாமல் எதையும் வரையக்கூடாது.

கண்ணாடியின் பிரதிபலிப்பு தலையின் நடுவிலிருந்து ஒருமுறை வரையப்பட்டு இரு கண்ணுக்கும் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு கண்ணும் ஒரே படத்தைக் கண்டால் அதன் ஆழம் கண்ணாடித் தளத்தோடு முடிந்துவிடும். ஒவ்வொரு வியூவையும் தனித்தனியே பிரதிபலித்து வரைந்தால்தான் உள்ளே அறை விரியும். செலவு இரட்டிப்பு, சிறிய கண்ணாடி என்றால் தெளிவைக் குறைத்துச் சமாளிக்கலாம், ஒரே படத்துக்குத் திரும்பக்கூடாது. பளபளப்பின் கணக்கும் அப்படியே: ஷேடரில் கேமராவின் இடம் என்ற யூனிஃபார்ம் கண்ணுக்குக் கண் மாற வேண்டும்.

நேர்மாறாக, சில கணக்குகள் தலைக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். புகை, இலை போன்ற எப்போதும் முகம் காட்டும் தட்டைப் பலகைகளைக் கண்ணுக்குக் கண் திருப்பினால் இரு படமும் ஒத்துப்போகாமல் பலகை நெளியும்; தலையின் நடுவை நோக்கித் திருப்ப வேண்டும். பார்வையால் பொருளைத் தேர்வுசெய்யும் கதிரும் வியூவர் போஸிலிருந்தே புறப்பட வேண்டும். வியூக்களின் பட்டியலில் முதலாவதை எடுத்துக்கொள்வது, ஒற்றைக் கண்ணால் குறிபார்ப்பதாகிவிடும்.

பார்வைக்கு வெளியே உள்ளதை வரையாமல் விடும் சோதனையைச் செயலி இடது கண்ணின் புலத்தை வைத்தே செய்தது. வலது கண்ணின் வலக்கோடியில் பொருட்கள் திடீரென்று காணாமல் போயின. இரண்டு கண்ணுக்கும் தனித்தனியே சோதிக்கலாம். அல்லது தலைக்குச் சற்றுப் பின்னால் ஒரு பொதுக் கூம்பை வைக்கலாம். பின்னால் எவ்வளவு? கண் இடைவெளியை இரு வெளிப்பக்க டேன்ஜென்ட்டுகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும்: 63 ÷ 2.6, சுமார் 24 மி.மீ. இது இணையான திரைகளுக்கு மட்டும் பொருந்தும். சாய்ந்த திரைகளில் தனித்தனிச் சோதனைதான் பாதுகாப்பு.

வானப் பெட்டியில் (வானத்தைக் காட்டும் பின்னணிப் பெட்டியில்) ஒரு சின்ன நுணுக்கம். வியூ மேட்ரிக்ஸின் நகர்வுப் பகுதியை மட்டும் பூச்சியமாக்க வேண்டும். சுழற்சியை அந்தந்தக் கண்ணிடமே விட்டுவிட வேண்டும். தலையின் சுழற்சியை இரண்டுக்கும் பொதுவாகக் கொடுத்தால் சாய்ந்த திரைகளில் வானம் மட்டும் இரட்டையாகும்.

பிரேமின் ஓட்டம், திருத்தத்துக்குப் பின்

போஸ் கேள், நல் (வெறுமை) வந்தால் அந்த பிரேமில் எதையும் வரையாதே. பேஸ்லேயரின் ஃபிரேம்பஃபரை (படம் வரையப்படும் நினைவகத்தை) கட்டு, ஒரே ஒருமுறை துடை. கண்ணுக்கு ஒருமுறை துடைத்தால் இரண்டாம் துடைப்பு முதல் கண்ணின் படத்தை அழித்துவிடும். துடைப்பு வியூபோர்ட்டுக்குக் கட்டுப்படாது. பிறகு பட்டியலில் உள்ள ஒவ்வொரு வியூவுக்கும் லேயரிடம் வியூபோர்ட் வாங்கி அமைத்து, ப்ரொஜெக்‌ஷனையும் இன்வர்ஸையும் கண்ணின் இடத்தையும் ஏற்றி வரை. அகலத்தை இரண்டால் வகுத்து வியூபோர்ட்டை ஊகிக்காதே.

பட்டியலில் இரண்டு வியூ இருக்கும், முதலாவது இடது என்று நிரலில் எங்கும் எழுதக்கூடாது. பக்கத்துக்குள்ளேயே காட்டும் இன்லைன் செஷனில் ஒன்றுதான் வரும், அதன் கண் குறி 'நன்'. கூடுதல் வியூக்கள் தரும் சாதனங்களும் உண்டு. இடது வலது என்ற குறி, முன்பே எடுத்த ஸ்டீரியோ படங்களில் எந்தப் படத்தை எந்தக் கண்ணுக்குக் காட்டுவது என்று தெரிந்துகொள்ளத்தான். இடத்தைக் கணக்கிட அல்ல.

செயலியில் கடைசியாக அகப்பட்டது ஒரு மிருதுவாக்கும் வடிகட்டி. தலையின் நடுக்கம் தெரியக்கூடாது என்று, புதிய போஸையும் பழையதையும் கலந்து பயன்படுத்தியிருந்தார்கள். தட்டைத் திரையில் அழகுதான். ஹெட்செட்டில், தான் தந்த போஸிலேயே படம் வரையப்பட்டது என்று நம்பித்தான் கடைசி நொடித் திருத்தத்தைச் சாதனம் செய்கிறது. 90 ஹெர்ட்ஸில் ஒரு பிரேம் 11.1 மில்லிவினாடி, நொடிக்கு 100 டிகிரி வேகத்தில் திரும்பும் தலை அதற்குள் 1.1 டிகிரி போய்விடும். ஒரு பிரேம் பின்தங்கினாலே அறை அவ்வளவு வழுக்கும். வடிகட்டி நீக்கப்பட்டது.

சரிபார்த்த முறை

முதல் சோதனைக்கு ஹெட்செட் அணியவே வேண்டாம். வலது கழித்தல் இடது என்ற வெக்டரைத் தலையின் அச்சுகளுக்கு மாற்றி, ஹெட்செட்டைக் கையில் பிடித்து எல்லாப் பக்கமும் திருப்பியபடி பதிவுசெய்ய வேண்டும். எக்ஸ் கருவிழி இடைவெளியில் நிலையாக நிற்க, ஒய்யும் இசட்டும் பூச்சியத்தை ஒட்டி இருந்தால் சரி. ஷேடருக்குப் போகும் வியூ மேட்ரிக்ஸிலிருந்து திரும்பக் கணக்கிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். உலாவி தந்த எண்ணையே சோதித்தால் உலாவி சரி என்பது மட்டும்தான் நிரூபணமாகும்.

இரண்டாவது, இடது கண்ணுக்குச் சிவப்பும் வலதுக்கு நீலமும் பூசி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது. இடம் மாறியிருந்தால் ஒரு நொடியில் தெரியும். ஆனால் 180 டிகிரி திரும்பும்போது கண்களின் இடம் மாறுவதை நிறம் காட்டாது; அதற்கு முதல் சோதனையை அந்தத் திசையிலும் செய்ய வேண்டும். இந்தச் செயலி முன்னால் பார்க்கும்போது தேறி, பின்னால் தவறியது அல்லவா?

மூன்றாவது, 0.5, 1, 2, 10 மீட்டரில் மெல்லிய செங்குத்துக் கம்பிகள். 63 மி.மீ. இடைவெளிக்குக் கண்கள் குவியும் கோணம் முறையே 7.2, 3.6, 1.8, 0.36 டிகிரி. கம்பிகள் ஒவ்வொன்றாக ஒன்றுசேர வேண்டும், 10 மீட்டர் கம்பியைப் பார்க்கும்போது கண்ணில் இழுப்பே இருக்கக்கூடாது. இதே சோதனையைத் தலையைத் தோளுக்குச் சாய்த்தும் செய்ய வேண்டும். சாய்த்தால் மட்டும் கம்பி பிரிந்தால், விலகல் இன்னும் எங்கோ உலக அச்சில் கூட்டப்படுகிறது.

உயரத்துக்கு, கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு அதன் உருவம் அறையின் தரையைத் தொடுகிறதா என்று பார்த்தால் போதும். ஹெட்செட்டின் மைய மீட்டமைப்புப் பொத்தானை அழுத்திவிட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். அப்போது குறிப்பிடத்தின் 'ரீசெட்' நிகழ்வு வரும். சொந்த நகர்வு மேட்ரிக்ஸ் வைத்திருக்கும் செயலி அதைக் கவனிக்காமல் விட்டால், பயனர் சுவருக்குள் நிற்பார்.